கல்தச்சர் வீட்டுப் பெயர்

சென்ற மாதம் என் தங்கையின் பேரனுக்குப் பெயர் சூட்டு விழா. கூடத்து விட்டத்தில் சேலைத் தொட்டில் கட்டியாகிவிட்டது. பெரியவர் ஒருவர் பஞ்சாங்கத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, குரு ஓரை முடிவதற்குள் பெயரைச் சொல்லிவிடுங்கள் என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். பிள்ளையின் தகப்பன், என் தங்கை மகன், மனைவியை ஒருமுறை பார்த்துக்கொண்டு சொன்னான்: “சாக்ரடீஸ்னு வைக்கலாம்னு இருக்கோம்.”

கூடம் அமைதியானது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். “இது என்னப்பா பேரு, வாயில நுழையுமா?” என்றார் ஒருவர். “பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க சும்மா விடுவாங்களா?” என்றாள் ஓர் அத்தை. “அவரு பெரிய மேதை. நாளைக்கு இவன் எட்டாங்கிளாஸ்ல பெயிலாப் போனா ஊரே சிரிக்கும்” என்றார் பிள்ளையின் சித்தப்பா. பஞ்சாங்கக்காரர் கடைசியாகச் சொன்னதுதான் எல்லாரையும் முடித்து வைத்தது. “விஷம் குடிச்சுச் செத்தவர் பேரை நல்ல நாளும் அதுவுமா பச்சப் பிள்ளைக்கு வைக்கணுமா? நமக்கு எதுக்கு வெளிநாட்டுப் பேரு?”

பிள்ளையின் காதில் அன்று ‘ராசா’ என்று மட்டும் மூன்று முறை சொல்லி, தொட்டிலை ஆட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். என் மருமகன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவன் நான். விசேஷ வீட்டில் சண்டை வேண்டாம் என்று அன்று பேசாமல் இருந்துவிட்டேன். ஆனால் அந்தக் கூடத்தில் கேட்டது ஒரு வீட்டின் பேச்சு மட்டுமல்ல. பழைய கிரேக்கப் பெயரையோ அறிஞர் பெயரையோ மகனுக்கு வைக்க நினைக்கும் எந்த அப்பாவும் அம்மாவும் எந்த ஊரிலும் கேட்கிற பேச்சு அது. அதில் ஒரு வார்த்தையையும் நான் ஏற்கவில்லை.

எல்லாத் தவறுக்கும் வேர், சாக்ரடீஸ் என்பதை ‘மேதையின் பெயர்’ என்று நினைப்பது. அது ஒரு கல்தச்சர் வீட்டில் வைத்த பெயர். அப்பா சோப்ரோனிஸ்கஸ் கல்தச்சர். அம்மா பைனரிட்டே மருத்துவச்சி. பிள்ளை பிறந்ததும் அவர்கள் வைத்த பெயருக்குக் ‘குன்றாத வலிமை’ என்பதுபோல் பொருள் வரும். நோய்நொடியில்லாமல் திடமாக இருக்கட்டும் என்று எந்தத் தாய் தகப்பனும் நினைக்கிற நினைப்புதான் அதில் இருக்கிறது. தத்துவம் எதுவும் இல்லை.

ஏதென்சில் அது சர்வ சாதாரணமான பெயர். பிளேட்டோ எழுதிய உரையாடல் ஒன்றில் சாக்ரடீஸ் உட்கார்ந்திருக்கும்போதே இன்னொரு சாக்ரடீஸ் வந்து பேசுகிறான். அவன் வயதில் சிறியவன். பெயர் ஒன்றாக இருப்பதை அங்கிருக்கிற யாரும் அதிசயமாக நினைக்கவில்லை, நம் ஊர்த் தெருவில் இரண்டு முருகன்கள் இருப்பதுபோல. தத்துவ ஞானி பிளேட்டோ வாழ்ந்த அதே ஏதென்சில் பிளேட்டோ என்ற பெயரில் நகைச்சுவை நாடகம் எழுதியவர் ஒருவரும் இருந்தார். அரிஸ்டாட்டில் என்ற பெயரைச் சொன்னதும் நமக்குத் தாடி வைத்த அறிஞர்தான் நினைவுக்கு வருகிறார். அவர் பிறந்தது கி.மு. 384இல். அதற்கு இருபது வருடம் முன்பே, கி.மு. 404இல், ஏதென்சைப் பிடித்துக்கொண்டு ஊரையே கொன்று குவித்த ‘முப்பது கொடுங்கோலர்’ கூட்டத்தில் ஓர் அரிஸ்டாட்டில் இருந்தான். டெமாஸ்தனிஸ் என்றால் நாம் பேச்சாளரைச் சொல்கிறோம். அவருக்கு முன்பு அதே பெயரில் ஒரு தளபதி இருந்து, சிசிலிப் போரில் தோற்று உயிரை விட்டார். நல்லவன், கெட்டவன், தோற்றவன், சிரிக்க வைத்தவன் என்று எல்லோரும் சுமந்த பெயர்கள் இவை. நூலகத்து அலமாரியில் பிறந்தவை அல்ல.

அந்த ஊரில் பெயர் வைக்கிற முறையைக் கேட்டால் உங்களுக்கு நம் வீடு ஞாபகம் வரும். பிள்ளை பிறந்த பத்தாம் நாள் உறவைக் கூட்டி விருந்து வைத்துப் பெயர் சொல்வார்கள். மூத்த மகனுக்கு வழக்கமாக அப்பாவைப் பெற்றவர் பெயர். சாக்ரடீஸுக்கு மூன்று ஆண் பிள்ளைகள். அவர்களில் ஒருவன் பெயர் சோப்ரோனிஸ்கஸ். கல்தச்சுத் தாத்தாவின் பெயர் அப்படியே பேரனுக்கு. அரிஸ்டாட்டிலின் அப்பா நிக்கோமாக்கஸ், மகனும் நிக்கோமாக்கஸ். தமிழில் இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. நம் மொழியில் அந்த உறவுக்கே ‘பெயரன்’ என்றுதானே பெயர்? தாத்தா பெயரைத் தாங்குகிறவன் பேரன். கிரேக்க வீட்டையும் தமிழ் வீட்டையும் இவ்வளவு கிட்டத்தில் கொண்டுவந்து வைக்கிற வேறு வழக்கம் எனக்குத் தெரியவில்லை.

அன்று எங்கள் கூடத்தில் நடந்த தகராறுகூட ஏதென்சில் நடந்திருக்கிறது. கி.மு. 423இல் அரிஸ்டோபனீஸ் எழுதிய ‘மேகங்கள்’ நாடகத்தில் ஒரு குடியானவன் பெரிய இடத்துப் பெண்ணைக் கட்டிக்கொள்கிறான். மகன் பிறக்கிறான். குதிரை என்ற சொல் வருகிற மாதிரி பெருமையான பெயர் வேண்டும் என்கிறாள் அம்மா. சிக்கனத்தைக் குறிக்கும் தன் அப்பா பெயர் வேண்டும் என்கிறான் தகப்பன். பல நாள் சண்டைக்குப் பிறகு இரண்டையும் ஒட்டி, சிக்கனமும் குதிரையும் சேர்ந்த பைடிப்பிடீஸ் என்ற பெயரை வைக்கிறார்கள். நாடகத்துக்காகக் கட்டியதுதான், ஆனால் பார்த்த ஜனம் தங்கள் வீட்டுச் சங்கதி என்று உணராமல் சிரித்திருக்க முடியாது. இப்படிப் புருஷன் பெண்டாட்டி சண்டையில் பிறந்த பெயர்களைத்தான் நாம் எட்டாத உயரத்தில் வைத்துக் கையெடுத்துக் கும்பிடுகிறோம்.

சித்தப்பா சொன்ன ‘பெயிலாப் போனா’ என்ற பயத்துக்கு வருகிறேன். ராமன் என்று பெயர் வைத்த பையனிடம் யாராவது வில்லை ஒடிக்கச் சொல்கிறோமா? பெருமாள் என்று பெயர் வைத்தவர் மூன்றடி மண்ணுக்குப் பத்திரம் இல்லாமல் வாடகை வீட்டில் இருந்தால் சிரிக்கிறோமா? சரஸ்வதி கணக்கில் தோற்றால் பெயரை மாற்று என்கிறோமா? கடவுள் பெயரையே இந்த நாட்டில் கூசாமல் சுமக்கிறோம். கல்தச்சன் மகன் பெயர் மட்டும் எப்படிக் கனக்கும்? மகன் படிப்பில் பின்தங்கினால் அதை வைத்துக் கேலி செய்கிறவன், அவன் பெயர் சுரேஷ் என்றிருந்தாலும் செய்வான்.

உண்மையில் இந்தப் பயத்துக்கு அடியில் வேறொன்று இருக்கிறது. அறிவு என்பது அடுத்த வீட்டுச் சொத்து, நம் வீட்டுக்குள் அதன் பெயரைக்கூடக் கொண்டுவரக் கூடாது என்கிற கூச்சம். இதைத்தான் நான் மறுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்கு ஒரு சைக்கிள் கடைக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருடம் இருக்கும். ஒன்பதாம் வகுப்பு முதல் நாள், வருகைப் பதிவேட்டை வாசித்துக்கொண்டு வருகிறேன். சங்கரனுக்கும் சிவக்குமாருக்கும் நடுவில் சாக்ரடீஸ் என்று இருந்தது. வாசித்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல், “சாக்பீஸ் சார்!” வகுப்பே சிரித்தது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு ஒரு பையன் எழுந்து, சிரிப்பு அடங்கும்வரை நின்று, “உள்ளேன் ஐயா” என்றான். முகத்தில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. பழகிப்போன முகம். அன்று பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, ஏதென்சில் செருப்பில்லாமல் சந்தையில் திரிந்து, பெரிய மனிதர்களை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்ட மனிதரின் கதையைச் சொன்னேன். மறுநாளும் அவனைச் சாக்பீஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் அந்த மாதக் கடைசியில் பாருங்கள், எனக்குப் பதில் தெரியாத ஒரு கேள்வியை யாராவது கேட்டுவிட்டால் “சாக்ரடீஸ் கேள்வி சார்” என்று சொல்லும் வழக்கம் அந்த வகுப்பில் வந்துவிட்டது.

அவன் அப்பா பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். என் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டப் போனபோது பெயரைப் பற்றிக் கேட்டேன். டியூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கி, குமிழி வருகிற இடத்தைப் பார்த்தபடியே சொன்னார்: “ராஜா ராணி படத்துல சிவாஜி அந்த வேஷத்துல வருவாரு. அதுக்கப்புறம் யாரு அவருன்னு படிச்சவங்கக்கிட்டக் கேட்டேன். ஒரு வரி எழுதலையாம் ஐயா. சொத்து சுகம் இல்லையாம். கேள்வி மட்டும் கேட்டாராம். எங்க அப்பா காலத்துல நாங்க யாரும் வாயத் திறந்து ஒரு கேள்வி கேட்டதில்ல. நம்ம வீட்டுல ஒருத்தனாவது கேக்கட்டுமேன்னு வச்சேன்.”

அவர் சொன்ன படம் 1956இல் வந்தது. அதில் வரும் சாக்ரடீஸ் காட்சி கலைஞர் கருணாநிதி எழுதியது. அந்தக் காட்சியைத் தெருவில் நடித்துக் காட்டிய தலைமுறை ஒன்று இருந்தது. சாக்ரடீஸ், இங்கர்சால், லெனின், ரூசோ என்று தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குப் பெயர் வந்ததை விநோதம் என்று சொல்கிறவர்கள், அதற்கு முன்னால் இங்கே என்ன பெயர்கள் இருந்தன என்பதை மறந்துவிடுகிறார்கள். பெயரைச் சொன்னாலே சாதி தெரிந்துவிடும். சில தெருக்களில் பிறந்தவர்கள் நல்ல பெயர் வைத்துக்கொண்டாலே மேல்தெருக்காரருக்குப் பொறுக்காது. குப்பன், மண்ணாங்கட்டி, அமாவாசை என்று கூப்பிட்டே ஆயுளைக் கழித்தவர்கள் உண்டு. 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் கூடாது என்று தீர்மானம் போட்டது. வாலை வெட்டிய பிறகும் பெயரின் தலையில் சாதி ஒட்டிக்கொண்டிருந்தது. சாக்ரடீஸ் என்ற பெயரை வைத்து எந்தத் தெருக்காரன் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. சைக்கிள் கடைக்காரர் தேடியது அந்தப் பெயரைத்தான். அதைப் பகட்டு என்று சொல்ல எனக்கு மனம் வராது.

பெயரை யார் வைக்கிறார்கள் என்பதில்தான் மானமும் அவமானமும் இருக்கின்றன. அமெரிக்காவில் அடிமைகளை வைத்திருந்த முதலாளிகள் அவர்களுக்குப் பாம்பி, கேட்டோ, சீசர், சிப்பியோ என்று ரோமாபுரி வீரர்களின் பெயரைச் சூட்டினார்கள். தன் பெயரில்லாமல் செய்வதற்காக ஒருவனுக்கு வைத்த பெயர் அது. விடுதலை வந்ததும் பலர் அவற்றை உதறினார்கள். நியாயம்தான். ஆனால் அதே நாட்டில் நியூ ஆர்லியன்சில் ஹோமர் என்று ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளி இருந்தார், ஹோமர் பிளெசி. 1892இல் வெள்ளையருக்கான ரயில் பெட்டியில் ஏறி உட்கார்ந்து, இறங்க மறுத்து, கைதாகி, வழக்கை உச்ச நீதிமன்றம்வரை கொண்டுபோனவர். 1896இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. அந்த அநீதியான தீர்ப்பை மாற்ற இன்னும் 58 ஆண்டுகள் ஆயின. பழைய கிரேக்கக் கவியின் பெயர் அந்தச் செருப்புத் தொழிலாளிக்குப் பொருந்தவில்லை என்று சொல்ல யாருக்குத் தைரியம் இருக்கிறது?

பிரேசிலில் இன்னொரு தகப்பன். வறுமையில் பிறந்து, தானாகவே புத்தகங்களைத் தேடிப் படித்தவர் ரைமுண்டோ. 1954இல் பெலெம் நகரில் பிறந்த மூத்த மகனுக்கு சாக்ரடீஸ் என்று பெயர் வைத்தார். பிளேட்டோவின் ‘குடியரசு’ படித்துக்கொண்டிருந்த காலம் அது. அடுத்த இருவருக்கு சோஸ்தனிஸ், சோபோக்ளிஸ். மூத்தவனுக்குப் பத்து வயதாக இருந்தபோது, 1964இல், ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. வீட்டில் இருந்தால் ஆபத்து என்று அப்பா தன் புத்தகங்களில் சிலவற்றை நெருப்பில் போட்டதைப் பையன் பார்த்தான். அந்தப் பையன் மருத்துவம் படித்து டாக்டரானான். கால்பந்தும் ஆடினான். 1982 உலகக் கோப்பையில் பிரேசில் அணியின் தலைவன் அவன்தான். தாடியும் நெற்றிப்பட்டையுமாகக் குதிகாலால் பந்தைப் பின்னுக்குத் தட்டும் அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கொரிந்தியன்ஸ் கிளப்பில் அவரும் தோழர்களும், ராணுவ ஆட்சி நடக்கும்போதே, துணி துவைக்கிறவர் முதல் தலைவர்வரை எல்லாருக்கும் ஒரே ஓட்டு என்று நடத்திக் காட்டினார்கள். சட்டையில் ஜனநாயகம் என்ற சொல்லை அச்சடித்துக்கொண்டு ஆடினார்கள்.

பெயர் வைத்ததால்தான் அவர் அப்படி ஆனார் என்று நான் சொல்ல வரவில்லை. தம்பி சோஸ்தனிஸை உலகத்துக்குத் தெரியாது. அது அவருக்குக் குறையும் இல்லை. கடைசித் தம்பிக்கு ராய் என்று இரண்டெழுத்துப் பெயர். அவர் 1994இல் உலகக் கோப்பையே வாங்கி வந்தார். பெயர் விதியை எழுதாது. அப்பா எதை நேசித்தார் என்று மகனுக்குத் தெரியும், அவ்வளவுதான். புத்தகம் எரிந்து போனாலும் பெயர் எரியவில்லை.

கேலியைப் பற்றி அத்தை சொன்னதை நான் அலட்சியம் செய்யவில்லை. பள்ளிக்கூடத்தில் காலம் முழுக்க இருந்தவனுக்குக் கேலியின் கொடுமை தெரியும். ஆனால் கேலிக்குப் பயந்து தேர்ந்தெடுத்த பெயர் எதையாவது கேலி விட்டுவைத்திருக்கிறதா? 1822இல் அமெரிக்காவின் ஒஹையோவில் ஒரு பிள்ளை பிறந்தது. உறவினர்கள் ஆளுக்கொரு பெயரைச் சீட்டில் எழுதித் தொப்பியில் போட்டுக் குலுக்கினார்கள். யுலிசீஸ் என்று வந்தது. டிராய் நகரிலிருந்து பத்து வருடம் கடலில் அலைந்து வீடு திரும்பிய கிரேக்க வீரன் ஒடிசியூஸின் ரோமானியப் பெயர் அது. தாத்தா ஆசைப்பட்டார் என்று ஹைராம் என்பதை முன்னால் சேர்த்தார்கள். ஊர்ப் பையன்கள் யுலிசீஸைத் திரித்து ‘யூஸ்லெஸ்’ என்று கூப்பிட்டார்கள். ராணுவக் கல்லூரிக்குப் புறப்படும்போது, ஹைராம் யுலிசீஸ் கிராண்ட் என்ற மூன்று முன்னெழுத்துகளும் சேர்ந்து ‘ஹக்’ என்று பெட்டியின் மேல் தெரிந்தால் கேலி செய்வார்களே என்று அவருக்குக் கவலை. பாருங்கள், கிரேக்கப் பெயருக்கும் கேலி, பைபிள் பெயருக்கும் கேலி. கல்லூரியில் தவறாக யுலிசீஸ் எஸ். கிராண்ட் என்று பதிந்துவிட்டார்கள், அதுவே நிலைத்தது. உள்நாட்டுப் போரை முடித்து வைத்த தளபதியையும் 1869இல் நாட்டின் ஜனாதிபதியையும் அந்தப் பெயரில்தான் உலகம் அறிந்தது. என் வகுப்பில் குமார் என்ற பெயருக்கும் பட்டப்பெயர் இருந்தது, கார்த்திக்குக்கும் இருந்தது. சாக்பீஸ் என்று கூப்பிட்டவனைக் கண்டிக்க வேண்டியது ஆசிரியர் வேலை. அதற்குப் பதிலாகப் பெயரைப் பலி கொடுப்பது என்ன நீதி?

வாயில் நுழையாது என்கிறார்கள். நம் வாயில் ஆயிரத்தெண்ணூறு வருடமாகக் கிரேக்கம் நுழைந்து வெளியே வந்துகொண்டிருக்கிறது. பஞ்சாங்கக்காரர் பார்த்துச் சொன்னாரே ஓரை, அந்தச் சொல்லே கிரேக்கத்தில் பிறந்தது. ஜாதகத்தில் கேந்திரம் என்கிறோமே, அதுவும்தான். ஜார்ஜ் என்ற பெயருக்குக் கிரேக்கத்தில் உழவன் என்று பொருள். அதையே மலையாளத்துக் கிறிஸ்தவர்கள் வர்கீஸ் என்று தங்கள் வாய்க்கு வளைத்துக்கொண்டார்கள். பிலிப்பு என்றால் குதிரைப் பிரியன். ஏதென்ஸ் நாடகத்து அம்மா கேட்ட அதே குதிரைதான். பீட்டர் பாறை. ஸ்டீபன் மகுடம். அலெக்சாண்டர் என்ற கிரேக்கப் பெயர் பாரசீகம் வழியாக வந்து சிக்கந்தர் ஆனது. மதுரைப் பக்கம் எத்தனை சிக்கந்தர்கள் டீக்கடை நடத்துகிறார்கள், எத்தனை பேர் வாத்தியாராக இருக்கிறார்கள். அவர்களை யாரும் வெளிநாட்டுக்காரர் என்பதில்லை. நாக்கு தனக்கு வேண்டியபடி பெயரைச் செதுக்கிக்கொள்ளும். சாக்ரடீஸை என் மருமகன் வீட்டில் இரண்டே வாரத்தில் ‘சாக்ரு’ ஆக்கிவிடுவார்கள். ஜோதிடர் கொடுத்த எண்ணுக்காக ஷ்-ஷும் த்வி-யும் போட்டுப் பாட்டியால் உச்சரிக்க முடியாத பெயர்களை இன்று தெருவுக்குத் தெரு வைக்கிறோம். பொருள் கேட்டால் பெற்றவர்களுக்கே தெரிவதில்லை. நுழையாதது எது?

விஷத்துக்கும் ஒரு வார்த்தை. அபிமன்யு என்ற பெயரை எவ்வளவு ஆசையாக வைக்கிறோம். சக்கர வியூகத்துக்குள் போய்த் திரும்பி வராத சிறுவன் அவன். கர்ணன் என்று வைக்கிறோம், பகத்சிங் என்று வைக்கிறோம். சாக்ரடீஸ் எழுபது வயது வாழ்ந்து, சிறையிலிருந்து தப்பிக்க நண்பர்கள் ஏற்பாடு செய்தும் மறுத்து, கி.மு. 399இல் கோப்பையைத் தானே வாங்கிக் குடித்தார். இப்படி ஒரு சாவில் அபசகுனத்தைப் பார்க்க என்னால் முடியாது.

இவையெல்லாம் செத்துப்போன பெயர்கள், இவற்றை எழுப்ப முடியாது என்கிறவர்களுக்கு அந்தப் பெயர்களின் சொந்த நாட்டையே காட்டுகிறேன். கிறிஸ்தவம் வந்த பிறகு கிரேக்கர்கள் புனிதர்களின் பெயரைத்தான் வைத்தார்கள். யானிஸ், கோஸ்டாஸ், ஜார்ஜ். பிறகு வந்தது துருக்கியரின் ஆட்சி. அந்த ஆட்சியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளி ஆசிரியர்கள் சிலர் பழைய நூல்களைப் படித்து, மாணவர்களுக்குத் தெமிஸ்டோக்ளிஸ், லியோனிடாஸ் என்று பெயர் சூட்டத் தொடங்கினார்கள். 1819இல் கான்ஸ்டான்டிநோபிளின் பிதாப்பிதா ஐந்தாம் கிரகோரி, ஞானஸ்நானக் குழந்தைகளுக்குப் பழைய கிரேக்கப் பெயர் வைப்பதைக் கண்டித்துச் சுற்றறிக்கை அனுப்பினார். கூடத்தில் நாங்கள் கேட்ட அதே மறுப்பு, மிகப் பெரிய இடத்திலிருந்து. ஜனங்கள் கேட்கவில்லை. விடுதலைப் போரில் துருக்கியக் கப்பலுக்குத் தீ வைத்த மாலுமி கனாரிஸ், கோஸ்டாஸ் வகைப் பெயருக்குச் சொந்தக்காரர்தான். ஆனால் தன் மகன்களில் பலருக்குத் தெமிஸ்டோக்ளிஸ், திராசிபூலஸ், மில்டியாடிஸ், லிகூர்கஸ், அரிஸ்டைடிஸ் என்று வைத்தார். 1906இல் ஸ்மிர்னா துறைமுக நகரில் பிறந்து கப்பல் முதலாளியான ஒனாசிஸுக்குப் பெயர் அரிஸ்டாட்டில், அவர் அப்பா பெயர் சாக்ரடீஸ். புகையிலை வியாபாரி. பெயர்கள் மறுபடி வீட்டுக்கு வந்துவிட்டன.

நாமும் இதைச் செய்தவர்கள்தானே? செழியன், கபிலன், பாரி, இளங்கோ என்பவை எத்தனை நூற்றாண்டு ஏட்டுச்சுவடிக்குள் உறங்கிக்கிடந்தன. உ.வே.சா. 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1894இல் புறநானூற்றையும் அச்சில் கொண்டுவந்தார். அடுத்த இரண்டு தலைமுறைக்குள் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். அப்போதும் வாயில் நுழையாது என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். இன்று இளங்கோ என்றால் திரும்பிப் பார்ப்பார் இல்லை. தமிழ்ப் பெயர் இவ்வளவு இருக்கும்போது கிரேக்கம் எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களின் மொழிப்பற்றை மதிக்கிறேன். வீட்டில் ஒரு பிள்ளைக்குத் தமிழ்ப் பெயரே வையுங்கள், நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் சோபோக்ளிஸ் என்பதை அவிழ்த்துப் பாருங்கள். அறிவும் புகழும் சேர்ந்த பெயர். தெமிஸ்டோக்ளிஸ், அறமும் புகழும். அறிவழகன், புகழேந்தி, அறவாழி என்று பெயர் கட்டிய கைக்கு அந்தக் கட்டுமானம் அந்நியமாகப் படாது.

பகட்டுக்காகப் பெயர் வைக்கிறவர்களே இல்லை என்று நான் வாதாடவில்லை. ஜெர்மனியில் ஸ்வார்ட்செர்ட் என்ற குடும்பப் பெயருடன் பிறந்த அறிஞர் ஒருவர், ‘கரிசல் மண்’ என்ற அதன் பொருளை அப்படியே கிரேக்கத்துக்கு மாற்றி மெலாங்தன் என்று வாழ்ந்தார். அவர் காலத்து அறிஞர்களுக்கு அது ஒரு மோகம். ஆனால் வேதாசலம் என்ற தம் பெயரை மறைமலை என்று மாற்றிக்கொண்ட நம் அடிகளும் அதே வேலையைத்தான் செய்தார், அங்கே நாம் பகட்டைப் பார்ப்பதில்லை, பற்றைப் பார்க்கிறோம். பெற்றவர்களிடமும் அதைப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். பொருள் தெரிந்து, கதை தெரிந்து, மகனுக்கு அதைச் சொல்லித் தர மனமிருந்து வைக்கிற பெயர் எந்த நாட்டுப் பெயரானாலும் நல்ல பெயர்.

சைக்கிள் கடைக்காரர் மகன் பிளஸ் டூவோடு நிறுத்திவிட்டு ஐடிஐ படித்தான். இன்று ஒயர்மேன். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிறவனை ஊரில் எல்லோரும் கீழிருந்து “சாக்ரடீஸ் அண்ணே” என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

என் மருமகனுக்கு இதை வாசிக்கக் கொடுக்கப்போகிறேன். என் வயதுக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டுக் கூடத்தில் இளையவர்கள் இப்படி ஒரு பெயரைச் சொன்னால், ‘இது என்ன பேரு’ என்பதற்கு முன்னால் ‘ஏன் இந்தப் பேரு’ என்று கேளுங்கள். பிறப்பைப் பெயரில்லாமல் பதிந்திருந்தால், பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். எங்கள் பேரனுக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது.